ஓடைக்கரையில் நின்றது யார்?

'ஹாம்லெட்' நாடகத்தில் ஒஃபீலியா சாவதை யாரும் காண்பதில்லை. அரசி கெர்ட்ரூட் வந்து சொல்கிறாள், நாம் கேட்டுக்கொள்கிறோம். ஓடையின் மேல் சாய்ந்து நின்ற வில்லோ மரம்; அதன் கிளையில் பூமாலையைத் தொங்கவிட ஏறிய பெண்; முறிந்த கிளை; விழுந்தவளைச் சிறிது நேரம் மிதக்க வைத்த விரிந்த உடை; அந்த நேரமெல்லாம் அவள் பாடிக்கொண்டிருந்த பழைய பாட்டுகள்; பிறகு, தண்ணீர் குடித்துக் கனத்த உடை அவளைச் சேற்றுக்குள் இழுத்துக்கொண்டது. இவ்வளவும் அரசியின் வாய்மொழிதான். நானூறு ஆண்டுகளாக உலகம் இதை அழகான வருணனை என்று ரசித்து வருகிறது. எனக்கு இது சாட்சியின் வாக்குமூலமாகத் தெரிகிறது; அதுவும் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகாத வாக்குமூலம்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்கும் கொண்டுவந்தார். டென்மார்க் இளவரசன் ஹாம்லெட்டின் தந்தையைச் சித்தப்பன் கிளாடியஸ் கொன்று, அரியணையோடு அண்ணன் மனைவியையும் எடுத்துக்கொள்கிறான். பழிவாங்கத் துடிக்கும் இளவரசனின் கதைதான் நாடகம். அமைச்சர் பொலோனியஸின் மகள் ஒஃபீலியா அதன் ஓரத்தில் நிற்கிறாள். ஹாம்லெட்டை நம்பாதே என்கிறான் அண்ணன் லேயர்ட்டீஸ். பேசவே கூடாது என்கிறார் தகப்பனார். பிறகு அதே தகப்பனார், இளவரசனை வேவு பார்ப்பதற்காக அவளையே தூண்டில் புழுவாக அவன் முன் நிறுத்துகிறார். அவன் வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். அடுத்து, திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பொலோனியஸ் அவன் வாளுக்கு இரையாகிறார். உடலைச் சத்தமில்லாமல் அவசரமாகப் புதைத்துவிடுகிறார்கள். நான்காயிரம் வரிகளை நெருங்கும் நாடகத்தில் ஒஃபீலியா உயிரோடு வருவது ஐந்தே காட்சிகளில்.

அவள் பக்கத்திலிருந்து இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கும் ஆசை புதிதல்ல. 1850-களின் தொடக்கத்திலேயே மேரி கௌடன் கிளார்க் என்ற ஆங்கிலப் பெண்மணி, ஷேக்ஸ்பியர் நாயகிகளின் சிறுமிப் பருவத்தைக் கற்பனை செய்து கதைகளாக எழுதினார். அதில் ஒஃபீலியாவும் உண்டு. லிசா க்ளைன் 2006-இல் எழுதிய நாவலில் ஒஃபீலியா சாவதே இல்லை. 2018-இல் அது திரைப்படமும் ஆயிற்று. நாவலாசிரியர்களுக்குக் கற்பனை போதும். அதை விட்டுவிட்டு, அரசியின் வாக்குமூலத்தில் உள்ள பொருட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அதாவது தண்ணீர், துணி, மூச்சு, மரம், பூக்கள், அவை ஒஃபீலியாவுக்காக என்ன சாட்சி சொல்கின்றன என்று பார்க்கலாம். நிறையவே சொல்கின்றன.

முதலில் துணி. பாவாடையோடு குளத்தில் இறங்கிய சிறுமிகளுக்கு இந்த இயற்பியலை விளக்க வேண்டியதில்லை. பாவாடை காற்றைப் பிடித்துக்கொண்டு குமிழாக எழும்பும். கையால் அமுக்கினாலும் எளிதில் அடங்காது. நெய்த துணியில் இழைகளுக்கு நடுவே லட்சக்கணக்கான நுண்துளைகள் உண்டு. உலர்ந்திருக்கும்போது அவற்றின் வழியே காற்று சுளுவாக வெளியேறிவிடும். துணி நனைந்ததும் ஒவ்வொரு துளையையும் ஒரு நீர்ப்படலம் மூடிக்கொள்கிறது. பரப்பு இழுவிசை அந்தப் படலத்தை விறைப்பாகப் பிடித்து வைப்பதால் உள்ளே சிக்கிய காற்று லேசில் தப்ப முடியாது. அதாவது, காற்றைப் பிடித்து வைப்பதில் உலர்ந்த துணியைவிட நனைந்த துணியே கெட்டி. கடற்படை வீரர்களுக்குக் கால்சட்டையின் இரு கால்களையும் முடிச்சுப் போட்டு, காற்றை அடைத்து, மிதவையாக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதும் இதை நம்பித்தான். துணி காயாமல் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பயிற்சியில் சேர்ந்தது. சிக்கிய ஒவ்வொரு லிட்டர் காற்றும் ஒரு கிலோவைத் தாங்கும். அந்தக் காலத்து உயர்குடிப் பெண் உடுத்திய அடுக்கடுக்கான பாவாடைகளில் எத்தனை லிட்டர் சிக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உடை அவளை மிதக்கவைத்தது என்று அரசி சொன்னது முழு உண்மை.

அடுத்து அவள் சொன்னதில்தான் சிக்கல். உடை தண்ணீரைக் குடித்துக் கனத்ததால் அவளை இழுத்ததாம். துணி குடித்த தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடை கிடையாது. குடத்து நீர் கிணற்றுக்குள் இருக்கும்வரை கனப்பதில்லையே! கரையேறும்போதுதான் அந்தப் பாரம் தெரியும். நீருக்குள் கீழே இழுப்பது இழைகளின் சொந்த அடர்த்தி மட்டுமே. கம்பளி நீரைவிட 1.3 மடங்கும், லினன் 1.5 மடங்கும் அடர்த்தியானவை. உலர்ந்த நிலையில் நான்கு கிலோ இருக்கும் உடை, நீருக்குள் ஏறத்தாழ ஒரு கிலோ அளவுக்குத்தான் கீழே இழுக்கும். நுரையீரலை நிரப்பி மூச்சைப் பிடித்த ஒரு பெண்ணை நன்னீர் மேலே தள்ளும் விசையும் ஏறக்குறைய ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோதான். ஆக, பாவாடைக் காற்று கசிந்து தீர்ந்த பிறகு அவளுடைய மூச்சும் உடையும் கிட்டத்தட்டச் சரிசமமாக நிற்கின்றன. மூச்சை இழுத்தால் மேலே, விட்டால் கீழே. அந்த இடத்தில் ஒரு கை நீண்டிருந்தால் போதும்.

இப்போது பாட்டுக்கு வருவோம். வாக்குமூலத்தில் எல்லாரும் கற்பனை அலங்காரம் என்று தாண்டிப்போகும் இடம் அது.

பூக்களை வைத்துப் பார்த்தால் பருவம் வசந்தம். வட ஐரோப்பிய ஓடை நீர் அப்போதும் 15 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும். அந்தக் குளிர் திடீரென்று தோலில் பட்டதும் உடல் தன்னிச்சையாக ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். தொடர்ந்து கட்டுக்கடங்காமல் மூச்சு வாங்கும். குளிர்நீர் அதிர்ச்சி என்பார்கள். வாய் அப்போது நீருக்குள் இருந்தால் அந்த முதல் மூச்சிலேயே கதை முடிந்துவிடும். ஆற்றிலும் ஏரியிலும் விழுந்து இறப்பவர்களில் பலர் குளிரில் விறைத்துச் சாவதில்லை. முதல் ஒன்றிரண்டு நிமிடங்களில் இந்த மூச்சுக் குழப்பத்தில்தான் சாகிறார்கள். ஒஃபீலியாவின் உடை அவள் முகத்தை மேலே வைத்திருந்ததால் அவள் இழுத்த முதல் மூச்சு காற்றாக இருந்தது.

பாடுவது என்றால் மூச்சை நிதானமாக, நீளமாக, அளந்து வெளியே விடுவது. குளிர்நீர் அதிர்ச்சியில் இருப்பவரால் சில விநாடிகள்கூட மூச்சை அடக்க முடியாது. அவள் பாடினாள் என்றால் அந்த அதிர்ச்சியைத் தாண்டிவிட்டாள் என்று பொருள். அதற்கே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். இன்னொன்றும் உண்டு. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். திரைப்படங்களில் வருவதுபோல யாரும் கையை ஆட்டிக் கூவுவதில்லை என்று அவர் காட்டினார். உண்மையில் மூழ்கும் மனிதர் 20 முதல் 60 விநாடிகள் மேற்பரப்பில் சத்தமே இல்லாமல் போராடுவார். கைகள் தாமாகவே பக்கவாட்டில் நீரை அழுத்தும். வாய் மேலே வரும் கணம் மூச்சு வாங்கவே போதாது. குரலுக்கு மிச்சம் இருக்காது. பாடுகிறவள் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை, மிதந்துகொண்டிருந்தாள்.

பிரிட்டனின் உயிர்காப்புப் படகு நிறுவனமான ஆர்.என்.எல்.ஐ. சில ஆண்டுகளாகத் தரும் அறிவுரை இது: தண்ணீரில் தவறி விழுந்தால் உடனே நீந்தாதே. தலையைப் பின்னால் சாய், கைகால்களை அகட்டு, மூச்சு சீராகும்வரை மித. பைத்தியம் என்று அரண்மனை முடிவுகட்டிய பெண், ஓடையில் செய்தது ஏறத்தாழ இதையே.

அப்படியானால் கணக்கு நம்மை ஒரு சங்கடமான இடத்துக்குக் கொண்டுவருகிறது. அவள் நிமிடக்கணக்கில் மிதந்தாள், பாடவும் செய்தாள். கிளை முறிந்ததும், உடை விரிந்ததும், என்ன மாதிரிப் பாட்டு என்பதும் கரையில் இருந்த யாருக்கோ தெரிந்திருக்கிறது. பாடும் குரல் எட்டும் தூரத்தில் நின்ற அந்த யாரோ ஏன் இறங்கவில்லை? நாடகம் இதைக் கேட்கவே இல்லை. லேயர்ட்டீஸ்கூட எங்கே மூழ்கினாள் என்றுதான் கேட்கிறான். பார்த்தது யார் என்று கேட்கவில்லை. மேடை மரபு என்று சமாதானம் சொல்லலாம். ஒஃபீலியாவின் பக்கம் நின்று படிக்கிறவருக்கு அந்தச் சமாதானம் ஒட்டாது.

மரத்துக்கும் ஒரு சாட்சியம் உண்டு. ஆங்கிலேய ஆற்றங்கரைகளில் ஓடையின் மேல் சாய்ந்து வளரும் வில்லோ இனங்களில் ஒன்று, லேசாக அழுத்தினாலே கிளை அடியோடு 'படக்'கென்று முறியும் குணத்துக்குப் பேர்போனது. முறிந்த குச்சி நீரோடு மிதந்துபோய், கீழே எங்காவது சேற்றில் சிக்கி வேர்விட்டு, புது மரமாகிவிடும். அது இனம்பெருக்கும் முறையே அப்படி. கிரிக்கெட் மட்டை செய்ய உதவும் வெள்ளை வில்லோவோடு இது எளிதில் கலந்துவிடுவதால், அரசி சொல்வதுபோல வெளிறிய இலையும் எளிதில் முறியும் கிளையும் ஒரே மரத்தில் இருக்க முடியும். அரசி அந்தக் கிளைமீது பொறாமைக் குற்றம் சாட்டுகிறாள். மரமோ, தன் வழக்கப்படி நடந்துகொண்டது.

கிளை முறிந்தது உண்மையானால் அது விபத்து. ஆனால் அடுத்த காட்சியிலேயே கல்லறை வெட்டுபவர்கள் இருவர், இவள் தானே செத்தவளாயிற்றே, திருச்சபை முறைப்படி எப்படிப் புதைக்கிறார்கள் என்று வழக்காடுகிறார்கள். உயர்குடியில் பிறந்திருக்காவிட்டால் இந்த மரியாதை கிடைத்திருக்குமா என்கிறான் ஒருவன். பாதிரியார் சடங்கைப் பாதியில் வெட்டுகிறார். மனிதன் தண்ணீரிடம் போனானா, தண்ணீர் மனிதனிடம் வந்ததா என்று அந்த வெட்டியான் அடிக்கும் கூத்துக்கு லண்டன் அரங்கில் சிரித்தவர்களில் சட்டம் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருப்பார்கள். அதற்கு ஒரு நிஜ வழக்கு உண்டு.

1554-இல் சர் ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி கான்டர்பரி அருகே ஆற்றில் இறங்கி உயிரை விட்டார். அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் தற்கொலை தன்னைத்தானே செய்துகொண்ட கொலை. இறந்தவரின் உடைமை அரசுக்குப் போய்விடும். கணவனும் மனைவியும் கூட்டாக வைத்திருந்த நிலக் குத்தகையை அரசு எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. விதவை மார்கரெட் வழக்குப் போட்டார். அவருடைய தரப்பு வாதம் எளிமையானது: உயிர் இருக்கும்வரை குற்றம் முழுமையாகவில்லை, முழுமையான கணத்தில் அவர் உயிரோடு இல்லை, அந்தக் கணமே குத்தகை மனைவிக்கு வந்துவிட்டது, பிறகு எதைப் பறிமுதல் செய்ய முடியும்? 1560-களின் தொடக்கத்தில் நீதிபதிகள், செயலை எண்ணம், தீர்மானம், நிறைவேற்றம் என்று மூன்றாகப் பிளந்து, குற்றம் அவர் உயிரோடிருந்தபோதே நடந்தது என்று தீர்ப்பளித்தார்கள். மார்கரெட் தோற்றார். ஷேக்ஸ்பியரின் வெட்டியான் செயலுக்கு மூன்று கிளைகள் என்று உளறுவது இந்தத் தீர்ப்பைக் கிண்டலடித்துத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பறிமுதல் விதி இங்கிலாந்தில் 1870-இல் ஒழிந்தது. தற்கொலை குற்றம் என்பது 1961-இல் போயிற்று. அந்தச் சட்டத்தின் வாரிசாக 1860-இல் இந்தியாவுக்கு வந்த, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு, 2024-இல் புதிய சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோதுதான் நீங்கியது.

நாடகாசிரியருக்குத் தெரிந்திருக்கக்கூடிய இன்னொரு மரணமும் உண்டு. 1579 டிசம்பரில், அவர் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் டிடிங்டன் என்ற இடத்தில், ஏவன் ஆற்றில் தண்ணீர் மொள்ளப்போன ஓர் இளம்பெண் வழுக்கி விழுந்து இறந்தாள். விசாரணை நடந்தது, விபத்து என்று முடிவாயிற்று. பெண்ணின் பெயர் கேத்தரின் ஹாம்லெட். ஷேக்ஸ்பியருக்கு அப்போது வயது 15. ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றாசிரியர் ஸ்டீவன் கன், அந்நூற்றாண்டின் மரண விசாரணை ஏடுகளைப் புரட்டியபோது வேறொரு பதிவும் கிடைத்தது: 1569-இல் அதே வட்டாரத்தில், மஞ்சள் பூப் பறிக்கக் குனிந்து ஆலைக் குளத்தில் விழுந்து இறந்த இரண்டரை வயதுக் குழந்தை, பெயர் ஜேன் ஷேக்ஸ்பியர். உறவா என்பது தெளிவாகவில்லை. அந்த ஏடுகளில் ஆற்றுக்கும் கிணற்றுக்கும் போன பெண்களின் மரணங்கள் நிறையவே உண்டு. தண்ணீர் மொள்ளுவதும் துணி துவைப்பதும் அவர்கள் வேலையாக இருந்தன.

இன்றைய பிணக்கூறாய்வு மேடையில் ஒஃபீலியாவைக் கிடத்தினால் என்ன தெரியும்? நீரில் டயாட்டம் எனும் நுண்பாசி உண்டு. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது, எளிதில் அழியாது. உயிரோடு மூழ்கியவர் நீரை உள்ளிழுக்கும்போது அந்த ஓடுகள் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து, துடிக்கும் இதயத்தால் எலும்பு மஜ்ஜைவரை கொண்டுபோகப்படும். மஜ்ஜையில் அவை இருந்தால், நீரில் விழுந்தபோது உயிர் இருந்தது என்று சொல்ல இடமுண்டு. ஆனால் தானே விழுந்தாளா, தவறி விழுந்தாளா என்பதை எந்தத் திசுவும் சொல்லாது. அதற்கு இன்றும் கரையில் நின்றவர்களையே கேட்க வேண்டியிருக்கிறது.

ஓவியர் ஜான் எவரெட் மில்லே கரையில் நிஜமாகவே நின்றவர். 1851 ஜூலை முதல் நவம்பர் வரை, லண்டனுக்குத் தெற்கே ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக வரைந்தார். இன்று டேட் பிரிட்டனில் தொங்கும் அந்தப் படத்தில் தாவரவியலாளர்கள் செடிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள். ஆனால் பெண்ணுக்கு மட்டும் ஆறு கிடைக்கவில்லை. குளிர்காலத்தில், லண்டன் வீட்டுக் குளியல் தொட்டியில் எலிசபெத் சிடால் என்ற 22 வயது மாடல் பெண்ணைப் படுக்கவைத்து, தொட்டிக்குக் கீழே விளக்குகளை எரியவிட்டு நீரைச் சூடாக வைத்திருந்தார் மில்லே. ஒருநாள் விளக்குகள் அணைந்துபோயின. வரைந்துகொண்டிருந்தவர் கவனிக்கவில்லை, படுத்திருந்தவர் வாய் திறக்கவில்லை. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை உறிஞ்சும். சிடால் கடும் நோயில் விழுந்தார். 50 பவுண்டு கொடு, இல்லாவிட்டால் வழக்கு என்றார் அவர் தந்தை. மருத்துவச் செலவை மில்லே ஏற்றார். பத்தாண்டு கழித்து, 1862-இல் சிடால் அபின் கலந்த மருந்தை அளவுமீறி உட்கொண்டு இறந்தபோது, மரண விசாரணையின் முடிவு விபத்து. அவரும் ஓவியர், கவிஞர் என்பது வெகுகாலம் அடிக்குறிப்பாகவே இருந்தது.

மருத்துவர்களும் பார்வையாளர் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். 1850-களில் சர்ரே மனநலக் காப்பகத்தின் பெண்கள் பிரிவுப் பொறுப்பாளரான ஹியூ டயமண்ட், புகைப்படக் கலையின் முன்னோடி. நோயாளிப் பெண் ஒருத்திக்குத் தழை சூட்டி, போர்வை சாத்தி, ஒஃபீலியாவாகவே நிறுத்திப் படமெடுத்தார். காப்பகங்களில் ஒஃபீலியாக்களைக் காணலாம் என்று பிற மருத்துவர்கள் எழுதினார்கள். காணாமல் என்ன செய்வார்கள், வேஷம் கட்டியதே இவர்கள்தானே. 1878-இல் அந்தப் பாத்திரத்தை ஏற்ற நடிகை எல்லென் டெர்ரி, பயிற்சிக்காகக் காப்பகம் ஒன்றுக்குப் போய், அங்கிருப்பவர்கள் மிதமிஞ்சி நடிக்கிறார்கள் என்று சலித்துக்கொண்டு திரும்பினார்.

அவளுடைய 'பைத்தியக்காரத்தனத்தை' நாடகத்திலேயே தேடினால் கிடைப்பது பாட்டும் பூவும்தான். பாட்டுகளில் இரண்டே விஷயங்கள்: செத்துப் புதைந்த முதியவர், ஏமாற்றப்பட்ட கன்னி. இரண்டுமே அந்த அரண்மனையில் வாய்விட்டுப் பேச முடியாதவை. பூக்களைப் பொறுத்தவரை, யாருக்கு எதைக் கொடுக்கிறாள் என்று பழைய பிரதிகள் குறிப்பிடவில்லை. ஒவ்வொரு இயக்குநரும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. நினைவுக்கு என்று ரோஸ்மேரியைத் தருகிறாள். நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் மார்க் மாஸ் குழுவினர் 2003-இல் 144 பேரிடம் செய்த சோதனையில், ரோஸ்மேரி மணம் நிறைந்த அறையில் இருந்தவர்களின் நினைவாற்றல் சற்றுக் கூடியது, நினைவுகூரும் வேகம் சற்றுக் குறைந்தது. சிறிய விளைவுதான், ஆனால் பாட்டிமார் சொன்னது முழுப் புளுகல்ல.

அடுத்தது நம் நாட்டு மருந்துக் கடைக்கும் தெரிந்த செடி: அருவதா, சதாப்பு இலை என்றும் சொல்வார்கள். இதை யாருக்கோ கொடுத்துவிட்டுத் தனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்கிறாள். இதன் சாற்றிலுள்ள சோரலென் வகை வேதிப்பொருள்கள் தோலில் பட்டு வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். பண்டைய கிரேக்க, ரோமானிய மருத்துவர்கள் காலத்திலிருந்து மாதவிலக்கை வரவழைக்கவும் கருவைக் கலைக்கவும் இது பயன்பட்டிருக்கிறது. அளவு மீறினால் தாயையே கொல்லும். சோம்பும் அதே மாதவிலக்கு மருந்துப் பட்டியலில் உண்டு. அதையும் அவள் கொடுக்கிறாள். அவள் கருவுற்றிருந்தாள் என்று இதைக்கொண்டு வாதிடுகிறவர்கள் உண்டு. நாடகத்தில் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் அக்காலப் பெண்கள் இந்தச் செடிகளைக் கையில் கண்டதும் எதை நினைத்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. ஏமாந்த கன்னியைப் பாடிவிட்டு இந்த இலையை அரசவையில் நீட்டுகிறவளுக்கு, தான் என்ன சொல்கிறோம் என்பது தெரிந்தே இருக்கிறது.

கடைசியில் வயலட். உனக்கு வயலட் தந்திருப்பேன், அப்பா செத்த அன்றே அவை வாடிவிட்டன என்கிறாள். அந்தப் பூவை நாடகத்துக்குள் முதலில் கொண்டுவந்தவன் அவள் அண்ணன். முதல் அங்கத்தில், ஹாம்லெட்டின் காதல் வயலட் பூ மாதிரி, ஒரு நிமிட வாசனை, அவ்வளவுதான் என்று அறிவுரை சொன்னான். வயலட்டின் மணத்துக்குக் காரணமான அயோனோன் என்ற சேர்மத்தை 1893-இல் டீமானும் க்ரூகரும் செயற்கையாகச் செய்தார்கள். அதற்கு ஒரு வினோத குணம்: மூக்கின் மணவுணரிகளை அது சீக்கிரமே மரத்துப்போகச் செய்துவிடும். ஒருமுறை முகர்ந்ததும் வாசனை காணாமல் போகும். சற்றுக் கழித்து மறுபடி வரும். OR5A1 என்ற மரபணுவின் வடிவத்தைப் பொறுத்துச் சிலருக்கு அது சரியாகத் தெரிவதே இல்லை. பூ மணப்பதை நிறுத்துவதில்லை, குறை மூக்கில்தான். தங்கைக்கு வயலட்டைக் காட்டிப் புத்தி சொன்ன லேயர்ட்டீஸ், ஐந்தாம் அங்கத்தில் அவளைக் குழியில் இறக்கும்போது, இந்த உடலிலிருந்து வயலட் பூக்கட்டும் என்று மறுபடியும் அதையே சொல்கிறான்.